தோழன் மாண்ட காரணம் தேடும் கதை

இளைஞர் விரும்பிப் படிக்கும் நாவல்களுள் ஒருவகை இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. பதினைந்து பதினாறு வயதுடைய ஒருவனோ ஒருத்தியோ அதன் தலைமைப் பாத்திரம். உற்ற தோழன் ஒருநாள் திடீரென இறந்துவிடுகின்றான். பெரியவர்கள் அம்மரணத்துக்கு ஒரு காரணம் கூறி, அழுது, அடக்கம் செய்து, தத்தம் அலுவலுக்குத் திரும்பிவிடுகின்றனர். அந்த இளைஞனுக்கு மட்டும் அக்காரணம் பொருந்தவில்லை. 'அவன் அத்தகையவன் அல்லனே' என்ற ஓர் எண்ணம் அவனை உறங்கவிடாது அலைக்கின்றது. அவன் கேட்கத் தொடங்குகின்றான். கேட்கக் கேட்க, மறைந்து கிடந்தவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இறுதியில் உண்மை துலங்குகின்றது.

இத்தகைய நூல்களைப் பிள்ளைகளின் கையிற் காணும் பெற்றோர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. சாவையும் கொலையையும் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது தகுமா என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும், இவ்வகைக் கதையின் உட்பொருள் யாது, அஃது இளம் உள்ளத்துக்குக் கற்பிப்பது யாது, அதன் எல்லை எது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே விடை கூறுதல் முறை. அவ்வாறு ஆராயப் புகுவோர்க்கு மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே சிறந்ததோர் உரைகல் இருக்கின்றது. அதனைக் காணுமுன், கதையின் அமைப்பை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

துப்பறியும் கதை என்ற இலக்கிய வகை 1841ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ எழுதிய ஒரு சிறுகதையோடு தோன்றியது என்பர். தமிழில் பண்டித நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டில் 'தானவன்' என்ற பொலிஸ் நிபுணனைப் படைத்து இத்துறைக்கு வழி திறந்தார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் இவ்வகை நாவல்களைப் பெருக்கினர். தேவனின் துப்பறியும் சாம்பு வாசகரைச் சிரிக்க வைத்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் ஒரு தலைமுறை மாணவரின் மனத்தில் வீரனாக வாழ்ந்தான். இவர்கள் அனைவரும் வளர்ந்தவர்கள். துப்பறிதல் அவர்களுடைய தொழில், அன்றேல் அவர்களைத் தேடி வந்த வேலை. மாண்டவன் அவர்களுக்கு அயலான்.

இளைஞன் துப்பறியும் கதையோ இதனின்றும் அடிப்படையில் வேறுபட்டது. அவனுக்கு அதிகாரமில்லை, சட்டத்தின் துணையில்லை, ஒரு கதவைத் தட்டி 'திற' என்று கட்டளையிடும் உரிமையில்லை. மாண்டவன்பால் அவன் கொண்ட அன்பு ஒன்றே அவனுடைய முதல். மற்றவர்கள் காணாத ஒன்றை அவன் காண்பதற்கும் அந்த அன்பே காரணம். நண்பனின் நடை, பேச்சு, பழக்கம், அச்சம் ஆகிய யாவற்றையும் அவன் அறிவான். ஆதலின் பிறர் கூறும் காரணத்தில் எங்கே ஓட்டையுளது என்பது அவனுக்கே முதலிற் புலப்படுகின்றது. ஆயினும், அந்த அன்பே அவனுடைய பெருங்குறையுமாகும். நண்பன் குற்றமற்றவனாக இருக்க வேண்டும் என்று அவன் உள்ளம் விரும்புகின்றது. விருப்பம் கண்ணை மறைக்கவும் கூடும். அன்பு தந்த ஐயத்தை அறிவு தரும் சான்றாக மாற்றுதல் எங்ஙனம்? இவ்வகைக் கதைகள் அனைத்தும் எழுப்பும் வினா இதுவேயாம்.

2019ஆம் ஆண்டில் ஹோலி ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் வெளியிட்ட நாவல் ஒன்று இதற்கு எடுத்துக்காட்டு. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளி மாணவி காணாமற் போனாள். அவளைக் கொன்றவன் அவளுடைய காதலனாகிய சால் சிங் என்றும், அவன் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டான் என்றும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஒருகாலத்தில் தன்னிடம் அன்பாக நடந்துகொண்ட அவன் அக்கொடுமையைச் செய்திருப்பான் என்பதைப் பிப் என்னும் பதினேழு வயது மாணவி நம்பவில்லை. பள்ளிக்கூட ஆய்வுப் பணி என்ற பெயரால் அவ்வழக்கை மீண்டும் விசாரிக்கத் தொடங்குகின்றாள். இறந்தவன் தனக்காகப் பேச இயலாதவன். அவன்மேற் சுமத்திய பழியோ உயிரோடிருக்கும் அவன் குடும்பத்தை நாள்தோறும் வருத்துகின்றது. மாண்டவனுடைய பெயரை மீட்டுக் கொடுத்தலே அவளுடைய முயற்சியின் பொருள்.

ஈண்டு நேயர்களுக்கு வேறொரு கதை நினைவுக்கு வரலாம். மாண்டவன்மேற் கள்வன் என்ற பழி. அரசின் முடிந்த முடிபு. அதனை ஏற்க மறுத்து எழுந்த ஓர் இளம்பெண். கண்ணகியின் வழக்கு அதுவன்றோ?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர்களுள் ஒன்று களுதாவளை. பிள்ளையார் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூரின் அயலில் உள்ள செட்டிபாளையத்திலே கண்ணகியம்மன் கோயில் உண்டு. தெற்கே காரைதீவு, தம்பிலுவில் ஈறாகவும், வடக்கே வந்தாறுமூலை ஈறாகவும் கண்ணகிக்குக் கோயில்கள் பல உள. வைகாசித் திங்களில் அக்கோயில்களிற் சடங்கு நிகழும். கதவு திறந்து, கலியாணக்கால் நாட்டி, 'கண்ணகி வழக்குரை' என்னும் காவியத்தைப் பாடி, இறுதியிற் குளிர்த்தி செய்து நிறைவுறுத்துவர். ஏட்டிலும் நாவிலும் வழங்கிவந்த அக்காவியத்தை வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968ஆம் ஆண்டில் நூலாகப் பதிப்பித்தார். அது சிலப்பதிகாரத்தினின்றும் பல இடங்களில் வேறுபட்டதேனும், சிலம்பினால் வழக்கு வென்ற செய்தி இரண்டிற்கும் பொதுவாகும். ஊர்மக்கள் அக்காவியத்துக்கு இட்டு வழங்கும் பெயரும் கருதத்தக்கது. 'கண்ணகி சரிதம்' என்றோ 'கண்ணகி பெருமை' என்றோ கூறாது, 'வழக்குரை' என்றே கூறுகின்றனர். ஒரு மரணத்தைப் பற்றிய வழக்கே கதையின் உயிர் என்பதை அப்பெயர் காட்டுகின்றது.

சிலப்பதிகாரம் கூறும் முறையிலே அவ்வழக்கை நோக்குமிடத்து, முதலில் நிகழ்ந்த தவறுகள் தெளிவாகின்றன. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கின்றான். சாட்சி ஒருவனே, அவனும் அவ்வழக்கிலே தன் நலம் உடையவன். அரசனோ ஊடல் கொண்ட தேவியைத் தணிவிக்கும் விரைவில் இருக்கின்றான். ஆதலின் ஆராயாது கட்டளையிடுகின்றான். ஏவலர் சென்று கோவலனைக் கண்டபோது, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சிகளை விரித்துரைத்து அவர்களை மயக்குகின்றான். அவர்கள் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். கோவலனிடமிருந்த சிலம்பை அரசியின் மற்றைச் சிலம்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற எளிய எண்ணம் அவர்களுள் எவர்க்கும் தோன்றவில்லை. தன்னலமுள்ள சாட்சி, விரைவு, தயக்கத்தை அடக்கும் சொல்வன்மை, சோதனையின்மை ஆகிய இந்நான்கும் கூடினால் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நிரபராதி ஒருவன் பழி சுமப்பான்.

இனிக் கண்ணகி செய்தது யாது? திருமணத்தின்போது அவளுக்கு 12 வயது என்றும், கோவலனுக்கு 16 வயது என்றும் இளங்கோவடிகள் கூறுகின்றார். மதுரை புகுந்தபோதும் அவள் இளம்பெண்ணே. ஊரோ புதிது, உற்றார் எவருமிலர். ஆயர் மகள் ஒருத்தியின் வாயால், இன்ன பழி சுமத்திக் கொன்றனர் என்பதைக் கேட்டறிகின்றாள். பழி இன்னதென்று அறிந்த பின்னர், தெருவில் அகப்பட்டவர்மேற் சினத்தைக் காட்டவில்லை. தீர்ப்பளித்தவன் எவனோ அவனுடைய வாயிலுக்கே செல்கின்றாள். அரசவையிலே தன் சிலம்பினுள் இருக்கும் பரல் மாணிக்கம் என்று முன்னரே கூறுகின்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பினுள் இருப்பது முத்து என்று கூறி, கோவலனிடமிருந்து பெற்றதை வருவித்து வைக்கின்றான். அதன் பின்னரே அவள் அதனை உடைக்கின்றாள், மாணிக்கம் தெறிக்கின்றது.

இந்த ஒழுங்குமுறை மிகவும் முக்கியமானது. சிலம்பை முதலில் உடைத்திருப்பின், 'எம்முடையதிலும் மாணிக்கமே' என்று எவரும் கூறியிருத்தல் கூடும். இரு திறத்தாரும் தத்தம் கூற்றை முன்னரே மொழிந்துவிட்டமையால், உடைந்த சிலம்பு மறுக்கவியலாத சான்றாயிற்று. தீர்மானத்தை முன்னே கூறிச் சோதனையைப் பின்னே செய்தல் இன்றைய அறிவியலுக்கும் அடிப்படையான நெறியாகும்.

ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1929ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் நாவலிலும் இதே நெறியைக் காணலாம். எமில் என்ற சிறுவன் ரயில்வண்டியில் உறங்கியபோது, அவனுடைய சட்டைப்பையில் இருந்த 140 மார்க் பணத்தை ஒருவன் களவாடிவிடுகின்றான். பெர்லின் நகரத்துச் சிறுவர்கள் ஒன்றுசேர்ந்து கள்வனை வங்கி வரையிற் பின்தொடர்கின்றனர். பணம் தன்னுடையதே என்று எப்படி நிறுவுவது? பணத்தைத் தன் சட்டையோடு குண்டூசியாற் குத்தி வைத்திருந்தமை எமிலுக்கு நினைவு வருகின்றது. தாள்களில் ஊசித்துளை இருக்கும் என்கின்றான், பார்க்கின்றனர், துளை இருக்கின்றது. மதுரையில் மாணிக்கப் பரல், பெர்லினில் ஊசித்துளை. காலமும் நாடும் வேறு. சான்றின் இயல்பு ஒன்றே. உரியவருக்கன்றி மற்றவர்க்குத் தெரியாத சிறிய அடையாளம் பெரிய பொய்யை வீழ்த்துகின்றது.

எனினும், ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னாலும் ஒரு கொலைஞன் நிற்கின்றான் என்று இளம் வாசகர் எண்ணிவிடலாகாது. இவ்வகைக் கதைகளை மிகுதியாகப் படிப்போர்க்கு நேரக்கூடிய மயக்கம் இதுவே. அதற்கு மருந்தும் மதுரைக் கதையிலேயே உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'பழியஞ்சின படலம்' என்று ஒரு பகுதி உளது. வழிப்பயணத்தில் தாகமுற்ற மனைவியை ஆலமரத்தடியில் இருத்திவிட்டு, நீர் கொணரச் சென்றான் ஓர் அந்தணன். திரும்பியபோது அவள் அம்பு பாய்ந்து இறந்து கிடந்தாள். அம்மரத்தின் மறுபுறத்திலே வில்லும் அம்புமாக வேடன் ஒருவன் நின்றான். கொன்றவன் அவனே என்று எவரும் துணிந்துவிடக்கூடிய நிலை. வேடனோ தான் கொல்லவில்லை என்றே கூறினான். வருத்தியபோதும் சொல் மாறவில்லை. பாண்டியன் உடனே தண்டிக்கவில்லை. ஐயம் தீரும்வரை அவனைக் காவலில் வைத்து, இறைவனிடம் முறையிட்டான். எப்போதோ எவரோ எய்து மரத்தில் தங்கியிருந்த அம்பு, காற்றில் அசைந்து வீழ்ந்து பாய்ந்தது என்ற உண்மை பின்னர் தெரியவந்தது. வேடன் விடுதலை பெற்றான்.

இரு கதைகளிலும் நகரம் மதுரை; அரசர் இருவரும் பாண்டியர். ஒருவன் விரைந்தான், ஓர் உயிரை இழப்பித்தான். மற்றவன் தாமதித்தான், ஓர் உயிரைக் காத்தான். புராணத்திலே தெய்வம் உண்மையைத் தெரிவித்தது. மக்கள் வாழும் உலகத்தில் அப்பணியைச் செய்வதற்கென்றே சட்டமும் மருத்துவமும் ஏற்பட்டிருக்கின்றன.

இலங்கையில் ஒருவர் விபத்தாலோ, தன் செயலாலோ, விலங்கினாலோ, இயந்திரத்தினாலோ இறப்பினும், காரணம் தெரியாமல் திடீரென இறப்பினும், அதனை விசாரிக்கும் முறையை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வகுத்துள்ளது. திடீர் மரண விசாரணை அதிகாரி மரணம் நிகழ்ந்த இடத்துக்குச் சென்று, உடலைப் பார்வையிட்டு, அறிந்தோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்வார். வேண்டுமிடத்து மருத்துவ அதிகாரியைக் கொண்டு பிரேத பரிசோதனை நடத்துவிப்பார். அவருடைய அறிக்கை நீதவானுக்குச் செல்லும். காவலில் இருப்பவர் இறப்பின் நீதவானே நேரில் விசாரிக்கவேண்டும். வாவியில் மிதந்த ஓர் உடலைக் கண்டமாத்திரத்தில், தவறி வீழ்ந்தது, நோயால் மயங்கி வீழ்ந்தது, பிறர் தள்ளியது என்று வேறுபடுத்திக் கூற வெறுங்கண்ணால் இயலாது. ஆதலினாலேயே இத்தனை படிகளும் வேண்டியிருக்கின்றன.

இந்தப் படிமுறையில் இளைஞருக்கு இடமில்லையோ எனின், உண்டு. கதையில் வரும் துப்பறியும் பிள்ளை இரவில் தனியே பாழ்மனைக்குச் செல்வான். சந்தேகத்துக்குரியவனை நேருக்குநேர் மடக்குவான். அது கதையின் சுவைக்காக அமைந்தது. வாழ்க்கையில் அது தன்னுயிருக்கும் சான்றுக்கும் கேடு விளைக்கும். மெய்யாகவே நண்பனை இழந்த பிள்ளை செய்யத்தக்கவை வேறு. கடைசியாக எப்போது கண்டான், என்ன பேசினான், யார் உடனிருந்தனர் என்பவற்றை மறக்குமுன் எழுதி வைத்தல். நண்பன் அனுப்பிய செய்திகளை அழிக்காமற் பாதுகாத்தல். நிகழ்ந்த இடத்திலே எதனையும் தொடாதிருத்தல். நம்பத்தகுந்த பெரியவர் ஒருவர் துணையோடு விசாரணை அதிகாரியிடம் அனைத்தையும் கூறுதல். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், கருதியதைக் கருதியதென்றும் பிரித்துரைத்தல் இவை எல்லாவற்றினும் முதன்மையானது. ஊகத்தைக் கைத்தொலைபேசி வழியே ஊரெங்கும் பரப்புபவன் நண்பனுக்கு நீதி தேடுபவன் ஆகான். பொற்கொல்லன் செய்த தொழிலையே அவன் அறியாமற் செய்கின்றான். பெரியவர்க்கும் ஒரு கடமையுண்டு. 'உனக்கென்ன தெரியும், சும்மாயிரு' என்று பிள்ளையின் வாயை அடைத்துவிட்டால், விசாரணைக்கு வேண்டிய ஒரே உண்மை அவ்வாயிலேயே அடங்கிப்போதல் கூடும்.

உண்மை தெரிந்தபின் நிகழ்வது யாது? பெரும்பாலான துப்பறியும் கதைகள் குற்றவாளி அகப்பட்டதும் முடிந்துவிடுகின்றன. ஆனால் இறந்த நண்பன் மீளவில்லை. தேடும் காலமெல்லாம் துயரத்தை மறக்கச்செய்த வேலையும் முடிந்துவிட்டது. வெறுமையும் சினமும் ஒருங்கே வந்து சூழும் வேளை அதுவே. சிலப்பதிகாரம் இவ்விடத்தில் வாசகனை எச்சரிக்கின்றது. வழக்கு வென்றாள் கண்ணகி. தவறுணர்ந்த அரசன் அந்நிலையிலேயே உயிர்நீத்தான். எனினும் அவள் சினம் தணியவில்லை; மதுரை எரிந்தது. அதனோடும் நின்றபாடில்லை. பாண்டிநாட்டில் மழை பொய்த்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று சாந்தி செய்தான் என்று அந்நூல் கூறுகின்றது. பிழை செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். குற்றமற்ற ஒருவனைக் கொன்றமைக்குப் பரிகாரமாகக் குற்றமற்ற பலரைக் கொன்ற கொடுமை அது. ஒருவனுடைய குற்றத்தை அவன் குலத்தின் மேலும் தொழிலின் மேலும் இனத்தின் மேலும் ஏற்றுவதால் விளையும் துன்பத்தை இலங்கை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பு மக்கள் வழக்குரையோடு சடங்கை முடித்துவிடாமைக்குக் காரணம் இங்கேதான் விளங்குகின்றது. வழக்குரைத்த பின்னர் குளிர்த்தி நிகழ்தல் வேண்டும். நீதி வேண்டி எழுந்த சினத்தை, நீதி கிடைத்த பின்னர் நீரும் பாட்டும் கொண்டு குளிர்விக்கின்றனர். கொதித்தவள் தாயாகின்றாள், எரித்தவளிடம் மழையும் விளைவும் நோய்நீக்கமும் வேண்டுகின்றனர். சிங்கள மக்கள் பத்தினி தெய்வம் என்று வணங்குபவளும் இவளே. வழக்கில்லாமற் குளிர்த்தி செய்தால் அஃது உண்மையை மூடி மறைத்தலாகும். குளிர்த்தியில்லாமல் வழக்கு முடிந்தால் அது பழிவாங்கலாய் வளரும். இரண்டும் வேண்டும்; அதுவும் அந்த ஒழுங்கிலேயே வேண்டும்.

ஆதலின், பிள்ளைகளின் கையில் இத்தகைய நாவலைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் நூலைப் பறிக்க வேண்டியதில்லை. அதனைத் தாமும் படித்து மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும். முடிவு சான்றினால் வந்ததா, அன்றித் தற்செயலால் வந்ததா? பழி சுமந்தவர்க்குத் தம் பக்கத்தைச் சொல்ல இடமிருந்ததா? உண்மை வெளிப்பட்ட பின்னர், இறந்தவனை நினைந்து அழுவதற்கும் ஆறுவதற்கும் கதையில் இடமிருக்கின்றதா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் நூல், கொலையைப் பற்றியதாயினும் பிள்ளையைக் கெடுக்காது. ஆராயவும் ஆறவும் பழக்கும்.

இத்தகைய நாவல்கள் வாவிக்கரையைக் களமாகக் கொண்டு தமிழிற் பெருகுதல் வேண்டும். தோணித்துறையும் வெற்றிலைத் தோட்டமும் பள்ளி மைதானமும் அவற்றில் இடம்பெறல் வேண்டும். நண்பனின் மரணத்துக்குக் காரணம் கேட்கும் பிள்ளை அவற்றில் முதலில் உண்மையைக் கண்டு, பின்னர் தன் நெஞ்சையும் குளிர்வித்துக்கொள்ளல் வேண்டும். வைகாசிதோறும் வழக்குரை கேட்டு வளரும் மண்ணுக்கு அது புதிய கதையாகாது. தன் பழைய கதையே புத்துடை அணிந்து வருவதாகும்.